ஒரு விசிலுக்கு உள்ளே, இரண்டு விசிலுக்கு வெளியே

கல்முனைப் பக்கத்தில் கண்டக்டர் காக்காவைப் போல ஊர் முழுவதையும் கோபப்படுத்திய மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். பள்ளிவாசல் தலைவரிலிருந்து கரைவலைக்காரர் வரை எல்லாரும் அவரை ஏசியிருக்கிறார்கள். நானும் ஏசியிருக்கிறேன், மனதுக்குள். வெளியே ஏசினால் சரியா பிழையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விடுவார்.

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், விசிலை மட்டும் விடவில்லை. அக்கரைப்பற்று பஸ்ஸில் ஆட்களை முன்னுக்குத் தள்ளிய அதே குரலில் எங்கள் தோணாவை நடத்தத் தொடங்கினார். தோணா என்றால் எங்கள் வீடுகளின் பின்னால் ஓடிக் கடலில் விழும் ஓடை. கரையிலிருந்த மரங்களைச் சூறாவளி பிடுங்கிப் போட்டது. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. கோழி இறகு, மீன் குடல், உடைந்த கக்கூசுக் கோப்பை எல்லாம் அதற்குள்தான். போதாதென்று வீடு கட்ட மணலும் அங்கேயே அள்ளினார்கள். ஒவ்வொரு மாரியிலும் கரை இடிந்து இடிந்து நான் சமைக்கும் குசினிச் சுவருக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது. கணவர் சவூதியில். மகள் நடக்கப் பழகிய புதிது; நடந்தால் தோணாப் பக்கம்தான் நடப்பாள். எனக்கு நித்திரை ஏது?

காக்கா கரையோரம் கம்பு நட்டார். தென்னை மட்டை பின்னி அடைத்தார். பின்னால் சேறு நிரப்பித் தாழையும், உப்புத் தண்ணீரில் பிழைக்கும் கண்ணா மரக் கன்றுகளும் வைத்தார். ஆடு வந்தால், "இறங்கு, இறங்கு! டிக்கட் இல்லாம ஏறுறயா?" என்பார். கொக்குகள் வந்து நிற்கும் மேட்டில் குந்தியிருந்த வாலிபர்களிடம், "இது ரிசேவ் சீற்று. எழும்புங்க!" குப்பைக் கூடையோடு வந்த கடை முதலாளியிடம், "லக்கேஜுக்குத் தனி டிக்கட்."

"தோணா என்ன ஒங்கட வாப்பாட சொத்தா?" என்று முதலாளி கத்தினார்.

"ஒங்கட வாப்பாடயுமில்ல. கூடைய எடுங்க."

ஒருநாள் நான் கிணற்றடியில் துணி கழுவிக்கொண்டிருக்கிறேன். வேலிக்கு அப்பாலிருந்து விசில்! ஒரு பெண்ணின் வீட்டு வளவைப் பார்த்து விசில்! கையிலிருந்த சவர்க்காரம் விழுந்தது. உள்ளே ஓடி, தலையை மூடி, மகளைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்கு வந்தேன்.

"காக்கா, வெக்கமில்லையா?"

"எனக்கென்ன வெக்கம், புள்ள? பொம்புளையள்ற வளவுக்குப் பின்னால வேல. சும்மா வந்து நிண்டா நல்லாரிக்குமா? ஒரு விசில் அடிச்சா நீங்க உள்ள போங்க. ரெண்டு அடிச்சா நான் போயிட்டேன், வெளிய வாங்க."

பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "புரிசன் இல்லாத வீட்டுக்குப் பின்னால விசிலாம்! நாலு பேர் என்ன கா கதைப்பாங்க?"

சுவர் விழுந்தால் அந்த நாலு பேரா வந்து பிடிப்பார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆனால் விசில் கேட்டால் உள்ளே போனேன். பிறகு ராத்தாவும் போனா. கொஞ்ச நாளில் தெருவே பழகிவிட்டது.

மாரி தொடங்கப்போகும் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலுக்குள் விசிலைக் கொண்டுபோக மனமில்லாத காக்கா, அதை என் வேலிக் கம்பில் கொழுவிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். ஆண்கள் எல்லாரும் பள்ளியில். அந்த நேரம் பார்த்து மணல் அள்ள ஒரு ட்ரக்டர் வந்தது. ஜும்ஆவையும் விட்டுவிட்டு வந்த இரண்டு பேர், ட்ரக்டர் இறங்க வழியில்லையென்று, என் குசினிக்குப் பின்னால் நட்டிருந்த கம்புகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள்.

எனக்கு வந்த கோபம்! மகளை அறைக்குள் விட்டுக் கொளுக்கி போட்டேன். தெருப் பெண்கள் எல்லாரும் ஓடி வரட்டும் என்று விசிலை எடுத்து முழு மூச்சோடு ஊதினேன்.

படார் படாரென்று கதவுகள் சாத்தப்பட்டன. ராத்தா சட்டியை அடுப்போடு விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தா. ட்ரக்டர்காரன் சிரித்தான்.

ஒரு விசில்! எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டேன்! அவசரமாக இரண்டு தரம் ஊதினேன். கதவுகள் திறந்தன.

"காக்கா போயிட்டாரா கா?" என்று வந்த ராத்தா, ட்ரக்டரைக் கண்டா. பிடுங்கிக் கிடந்த கம்புகளைக் கண்டா. "அடேய்! எங்கட கம்புலயா கை வெக்கிற?"

அகப்பை, ஈர்க்குமாறு, உலக்கை எல்லாம் தோணாக் கரைக்கு வந்தன. நானோ, சரியா பிழையா என்று யோசிக்காமல், வாயில் வந்ததைக் கத்தினேன்: "இறங்கு! டிக்கட் எங்க? இறங்குடா!"

ட்ரக்டர் வெறும் பெட்டியோடு திரும்பிப் போனது.

தொழுகை முடிந்து வந்த காக்கா, கரை நிறையப் பெண்களைக் கண்டதும் அப்படியே முதுகைக் காட்டி நின்றுவிட்டார். கிட்ட வரவும் முடியாது, கையில் விசிலும் இல்லை. அங்கிருந்தே கத்தினார்: "யாருட்டக் கேட்டு ஊதினீங்க?"

"நான்தான், காக்கா. ஒருக்கா ஊதினேன். எல்லாரும் உள்ள போயிட்டாங்க."

"உள்ளதானே போவாங்க! மறுகா?"

"ரெண்டு ஊதினேன்."

திரும்பி நின்றவரின் தோள் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ரைட்," என்றார். "கம்ப நட்டுட்டு உள்ள போங்க."

நட்டோம். மாரி வந்தது. வெள்ளம் கரையை முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குசினி நின்றது.

காக்கா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். தாழை என் மகளைவிட உயரம். கொக்கு மேட்டில் இன்னும் குப்பை கொட்டுகிறார்கள், எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் கிணற்றடிக்குப் போகும்போது தலைத்துணியை இழுத்துவிட்டு, ஒரு விசில் வருமா என்று கொஞ்சம் நின்றுதான் போகிறேன்.