தலைவரின் தொண்டையும் தெற்குத் தெருக் கிணறும்

1961-ஆம் ஆண்டில் சுதந்திர இந்தியாவின் ஜனநாயகம் எங்கே குடியிருந்தது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் டில்லி என்பார்கள். அது அன்னவாசலுக்குப் பக்கத்தில், ஊராட்சித் தலைவர் ஆத்மநாதனின் தொண்டையில் குடியிருந்தது. ஆத்மநாதன் அப்படித்தான் நம்பினார்.

தெற்குத் தெருவுக்குக் கிணறு வெட்டுவதைப் பற்றி அவர் ஆறு வருஷமாகப் பேசிவந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் அதுதான் முதல் பொருள். தலைவர் எழுந்து, பகீரதனில் ஆரம்பித்துக் கரிகாலனுக்கு வருவதற்குள் ஐந்தரை மணி பஸ் ஹாரன் அடித்துவிடும். அதை விட்டால் வேறு பஸ் கிடையாது. சுற்றுக் குக்கிராமங்களிலிருந்து வந்த உறுப்பினர்கள் ஓடுவார்கள். கிணறு 'பரிசீலனையில்' இருக்கும்.

இப்படி நாட்டுக்கு உழைத்த குரல் ஒருநாள் கம்மிப்போயிற்று. திருச்சி டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் இரண்டு காய்ப்புகள். மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவது மாதிரிதான். புற்று இல்லை, பயப்பட வேண்டாம். கத்திப் பேசியதால் வந்தது, பேசாமல் இருந்தால் போய்விடும். ஆறு வாரம் மௌனம்; கிசுகிசுக்கவும் கூடாது. திரும்ப வந்தால் ஆபரேஷன் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் வாயை மூடிக்கொண்டு 'தலைமை' தாங்கினார். குமாஸ்தா ஐயனார் தீர்மானத்தை வாசித்தார். நாலேகால் மணிக்குக் கிணறு 'ஏகமனதாக' நிறைவேறியது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்ததால், பொழுது போகாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவதையும் நிறைவேற்றினார்கள்.

ஆறாவது வாரம் கிணற்றில் தண்ணீர் ஊறியது. தலைவரின் காய்ப்பும் கரைந்தது. இரண்டும் தலைவரின் சாதனை என்று ஐயனார் குறிப்பேட்டில் எழுதினார்.

தெற்குத் தெரு ராக்காயி மாலையோடு வந்தாள். ஐயா தினமும் சாயங்காலம் தெருவில் பேச வேண்டுமாம். மைக் வேண்டாமாம், வெறுங்குரலில் கேட்டால்தான் மனசு நிறையுமாம். ஆத்மநாதனுக்குக் கண் கலங்கியது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் மக்கள் கேட்கும்போது மறுப்பது ஜனநாயகமா?

ஒன்பதாம் நாள், கரிகாலன் கல்லணைக்கு வந்து சேர்வதற்குள் குரல் போய்விட்டது. கூட்டம் கைதட்டியது.

ராக்காயி ஐயனாரிடம் திரும்பினாள். "இந்தத் தடவ ஆப்பரேசன்தானுங்களே? எத்தன நாளு பேசக் கூடாதுங்க?"

"ரெண்டு மாசமாவது ஆகும்த்தா."

"போதும்ங்க. சுடுகாட்டுப் பாதை, தெருவெளக்கு ரெண்டையும் முடிச்சிறலாம்."

ஆத்மநாதன் கத்திப் பார்த்தார். காற்றுதான் வந்தது. ராக்காயி புதுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் அவரிடம் நீட்டினாள்.

"குடிங்கய்யா. ஆறு வருசம் நீங்க பேசுனீங்க, எங்க தொண்டை காஞ்சுச்சு. கொஞ்ச நாளைக்கு மாத்தி வச்சுக்கிருவோம்."