தாமதத்தை ஒழிக்க வந்தவர்

வாஷிங்டனிலிருந்து கவுண்டி எனப்படும் மாவட்டங்களைத் திருத்தப் புறப்படும் ஜீவராசியை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை என்றால், கொடுத்து வைத்தவர்கள். மத்திய அரசின் ஆலோசகர் லேலண்ட் விட்கோம் அந்த இனத்தில் அசல் வித்து. ஊருக்குள் கால் வைத்ததும் காவல் தலைவரான ஷெரீஃபின் கையைக் குலுக்குவார், வறுத்த கோழியைப் புகழ்வார், "நான் கத்துக்கொடுக்க வரலை, கத்துக்கத்தான் வந்திருக்கேன்" என்பார், பிறகு சாயங்காலம் வரை மூச்சு விடாமல் கற்றுக்கொடுப்பார். கைதி என்ற சொல் அவர் வாயில் வராது. நீதிபதி பங்குதாரர், ஷெரீஃப் பங்குதாரர், கம்பிக்குப் பின்னால் கிடப்பவனும் பங்குதாரர். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

எங்கள் கவுண்டிக்கு அவர் வந்தது வழக்குகளில் தாமதத்தை ஒழிப்பது பற்றிப் பேச. கருத்தரங்கு நடத்தினால்தான் மத்திய நிதி வரும். பெரிய அறை என்று ஊரில் இருப்பது நீதிமன்றம் ஒன்றுதான். ஆகவே அன்றைய விசாரணைகள் அத்தனையும் தள்ளிவைக்கப்பட்டன. இதிலுள்ள வேடிக்கை லேலண்டுக்குப் புலப்படவில்லை. அரங்கம் நிறைந்ததில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

இடைவேளையில், டோனட்டும் கையுமாக நின்றவரை வெர்லீன் பிடித்துக்கொண்டாள். ஜாமீனுக்கு வழியில்லாமல் உள்ளே கிடக்கும் டூயியின் அக்கா.

"சார், என் தம்பி கேஸு இன்னைக்கு வரணும். வந்தா விட்டுருவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. திங்கக்கிழமை மில்லுக்குப் போகலைன்னா அவன் வேலை போயிடும்."

"உங்க தம்பி ரொம்ப முக்கியமான பங்குதாரர்ம்மா."

"அப்ப அவன் பங்கை வித்துட்டு வெளிய வரச் சொல்லுங்க சார்."

லேலண்ட் சிரிக்கவில்லை. கண் கலங்கினார். நடிப்பில்லை, அதுதான் இந்த இனத்தின் விசேஷம். "இந்த வேதனையைத்தான் நான் காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். நீங்களே மேடையில பேசுங்க."

பேசினாள். அறையே எழுந்து நின்று கைதட்டியது. முதலில் எழுந்தவர் நீதிபதி.

"சரி, ஜட்ஜு, வக்கீலு, ஷெரீஃபு, எல்லாரும் இங்கதானே இருக்கீங்க. அவனைக் கூப்பிட்டு இப்பவே முடிச்சு விட்டுருங்களேன்" என்றாள் வெர்லீன்.

நீதிபதி லேலண்டைப் பார்த்தார். லேலண்ட் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்.

"அருமையான யோசனைம்மா. அடுத்த கருத்தரங்குக்கு இதையே தலைப்பா வெச்சுடலாம்."

திங்கட்கிழமை மில்லில் டூயியின் இடத்தில் வேறொருவன் மூட்டை தூக்கினான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் உங்களிடம் ஒருவர் ஒரே ஒரு கையெழுத்துக்காக வந்து நின்றாரே, நீங்களும் மனம் உருகி, "இதை எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணணும்" என்றீர்களே; அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.