நூறு வாட்டில் சொன்னது

பயந்தவர்கள் மெல்லிய குரலில் பேசுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நான் முதல்தரப் பயந்தாங்கொள்ளி. ஆனாலும் என் வாழ்க்கையின் மிக முக்கியமான விஷயத்தை நூறு வாட்டில், லண்டன் குட்மேய்ஸில் ஒரு தெரு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன். அப்படியும் காரியம் நடக்கவில்லை.

ரொஷினி எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில் பாடினாள். நான் அதே குழுவில் கிற்றார். நாலு வருடம், ஞாயிற்றுக்கிழமை தோறும், அவளுக்கு மூன்றடி பின்னால் நின்றேன். (அவளுடைய பின்னலை இப்போதும் நினைவிலிருந்து வரைந்து காட்டுவேன். முகத்தைப் பார்த்துக் கதைத்ததுதான் குறைவு.) பிறகு அவளுக்கு மெல்பேர்னில் தாதி வேலை கிடைத்தது. போவதற்கு முன், நாங்கள் இருவரும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு பாட்டைப் பதிந்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். தன் பகுதியை முதலிலேயே பாடிக் கொடுத்துவிட்டாள். நடுவில் வரும் என்னுடைய இரண்டு நிமிடக் கிற்றார் மட்டும் மிச்சம்.

அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். கேட்டதும் அவள் கண்கலங்குவாள், விமான டிக்கெட்டைக் கிழித்து எறிவாள். (டிக்கெட் அவளுடைய போனில் இருந்தது. இருபத்தெட்டு வயதில் எனக்கு அவ்வளவுதான் மூளை.)

அம்ப்ளிஃபயரை முழுச் சத்தத்தில் வைத்து, அதன் வாயருகே மைக்கை நிறுத்திப் பதிந்தால்தான் கிற்றாரின் உயிர் விழும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஸ்ட்ரெதமில் இருந்த ஒரு நண்பனிடம் சின்ன ஃப்ரிட்ஜ் அளவில் நூறு வாட் அம்ப்ளிஃபயர் ஒன்றை இரவல் வாங்கி, ரயில் மாறி ரயில் மாறிக் கொண்டுவந்து சேர்த்தேன். அவள் புறப்படுவது திங்கட்கிழமை. நாங்கள் பதிந்தது சனி பின்னேரம், அம்மா இல்ஃபோர்ட்டுக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம். அம்ப்ளிஃபயர் மேலே என் அறையில். மைக்கின் வயர் படிக்கட்டு வழியாக இறங்கி, குசினி மேசையில் இருந்த லாப்டொப்பில் முடிந்தது. அதற்கு முன்னால் ரொஷினி.

"நான் மேல நிண்டு மூண்டு தரம் காலால தட்டுவன். நீர் சிவப்புப் பொத்தானை அமத்தினாச் சரி."

"அப்ப ஹெட்போன்?"

"அது எனக்கு வேணும்."

வீட்டில் இருந்த ஒரே ஹெட்போனைக் காதைக் காப்பாற்ற நான் மாட்டிக்கொண்டேன். அதன் வயர் ஒன்றிலும் சேராமல் என் முழங்கால் வரை தொங்கியது.

முதல் அடியிலேயே அலுமாரிக் கதவு தானாகத் திறந்தது. ஜன்னல் கண்ணாடி பல்லை நெறுமியது. பிழை விட்டால் நிறுத்தாமல் திரும்பத் தொடங்கினேன். நல்லதைப் பிறகு வெட்டி எடுக்கலாம் என்பது திட்டம். பக்கத்து வீட்டு சேகரன் அங்கிள், மலேசியாக்காரர், கணக்காளர், வாசலுக்கு வந்து, "வீட்ட இடிக்கிறீங்களா? முன்னாடியே சொன்னா நான் இன்சூரன்ஸ் பாத்துப்பேன் லா," என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனாராம். எனக்கு அது கேட்கவில்லை. அம்மா நேரத்தோடு திரும்பி வந்ததும் கேட்கவில்லை. குசினி ஃப்ரிட்ஜின் மேல் நின்ற அந்தோனியார் சுரூபம் என் கிற்றாருக்கு ஏற்றபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, அம்மா இரண்டு கையிலும் பைகளோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்ததும் கேட்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம் வாசித்தேன். கடைசித் தரம் ஒரு பிழையும் இல்லை. வேர்க்க வேர்க்கக் கீழே இறங்கி வந்து, "போடும்," என்றேன்.

பிஸ்கட் டின்னுக்குள் அகப்பட்ட நுளம்பின் ரீங்காரம் போல ஒரு சத்தம். அதற்கு மேலே, மிகத் துல்லியமாக, ரொஷினி கதிரையை இழுக்கும் சத்தம்.

லாப்டொப் மேலே இருந்த மைக்கை எடுக்காமல், தன்னுடைய சொந்த மைக்கில் பதிந்திருந்தது. அதை மாற்ற வேண்டியது நான். மறந்துவிட்டேன். திரையில் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டே இருந்ததால் ரொஷினிக்குச் சந்தேகம் வரவில்லை. மேலே இருந்த மைக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் நின்றது.

பத்து விநாடிகூட ஓடவில்லை, நிறுத்திவிட்டேன். காது மடல் வரைக்கும் வெட்கம்.

"அப்ப இஞ்ச கதைச்சதுதான் விழுந்திருக்கோ?" என்று ரொஷினி கேட்டாள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அந்தோனியாரின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"அழிச்சுப் போடுறன்," என்றேன்.

"அழிக்காதேங்கோ, ஜெரோம். ஒருக்கா முழுக்கக் கேளுங்கோ."

நக்கலடிக்கிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் லாப்டொப்பை மூடினேன். திங்கட்கிழமை அவள் போய்விட்டாள்.

மூன்று வருடம் அந்தப் பதிவைத் திறக்கவில்லை. பிறகு அந்த லாப்டொப்பை எறிவதற்கு முன் படங்களை மாற்றிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. சிரிக்கலாம் என்று போட்டேன். நுளம்பு. அங்கிள். தொம் என்று அந்தோனியார். அம்மாவின் அலறல். சிரித்தேன். பிறகு கதிரை இழுபட்டது.

"திரும்பி வருவியோ, பிள்ளை?" அம்மாவின் குரல்.

கொஞ்ச நேரம் நுளம்பு மட்டும்.

"அவர் போகாத எண்டு சொன்னா, போகவே மாட்டன், அன்ரி."

"நான் அவனுக்குச் சொல்லட்டோ?"

"வேண்டாம். நீங்கள் சொல்லி அவர் கேட்டா எனக்கு நிம்மதி இருக்காது. அவராக் கேக்கட்டும். சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"சரி. அந்தோனியார்..." என்று தொடங்கிய அம்மா நிறுத்தினார். "அவர் ரெண்டு துண்டாக் கிடக்கிறார். மாதா மேல சத்தியம்."

ரொஷினி சிரித்தாள். பிறகு, நான் மேலே வாசிப்பதோடு சேர்ந்து மெல்ல முனகத் தொடங்கினாள். பல இடங்களில் எனக்கு முன்னாலேயே போனாள்.

அம்மாவிடம் ஓடினேன். "ஏனம்மா சொல்லேல்லை?"

"சத்தியம் பண்ணினனான், தம்பி. பதிஞ்சிருக்குத்தானே, நீ கேட்டிருப்பாய் எண்டு நினைச்சன். கேட்டும் பேசாமல் இருக்கிறாய் எண்டு உன்னில கோவமும் இருந்தது."

அப்போது ரொஷினியின் கலியாணப் படம் அம்மாவின் போனுக்கு வந்து ஏழு மாதம். நான் அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன்: முழுக்கக் கேட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "கடைசித் தரம் பிழையில்லாமல் வாசிச்சீங்கள். கீழ எனக்கு வடிவாக் கேட்டது."

எங்கள் வீட்டில் நத்தார்ப் பண்டிகைக்குச் சொந்தக்காரர் கூடினால், கேக் வெட்டியதும் யாராவது கேட்பார்கள்: "ஜெரோம், அந்தோனியாரை விழுத்து பாப்பம்." நான் போடுவேன். தொம் என்ற இடத்துக்கு எல்லோரும் சேர்ந்து எண்ணுவார்கள். அம்மாவின் அலறலுக்கு அம்மாவே கண்ணீர் வரச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் தேத்தண்ணி போடக் குசினிக்கு எழுந்து போவார். நானும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

அதற்குப் பிறகும் பதினொரு நிமிடம் இருக்கிறது. அதில் என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.