ஐம்பத்தொன்பதில் கண்டம்

ரகுபதிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான். ஐம்பத்தெட்டு வயது முடிகிற அன்று, கம்பெனியில் சால்வை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பும்போது, பைசா கடன் இல்லாத மனிதராகப் படப்பை பஸ்ஸில் ஏற வேண்டும். அவ்வளவுதான். காசிக்குப் போகவோ கார் வாங்கவோ அவர் ஆசைப்பட்டதே இல்லை.

அதற்கான ஏற்பாடெல்லாம் பக்கா. படப்பையில் மனை வாங்கி வீடு கட்டக் கடன் எடுத்தபோதே, கடைசித் தவணை ஓய்வு பெறும் மாதத்தில் வந்து விழுகிற மாதிரி கேட்டு வாங்கினார். "இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கலாம் சார், மாசத் தவணை குறையும்" என்று கடன் கம்பெனிக்காரர் ஆசை காட்டினார். ரகுபதி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அறுபது வயதில் கடன்காரனாக இருப்பதை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். சம்பளம் நின்ற பிறகு எவனோ ஒருத்தன் பைக்கில் வந்து வாசலில் நின்று, தெருவே கேட்க "ரகுபதி வூடு இதானே?" என்று கூப்பிடுவது போலக் கனவு வரும்.

இப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. ஒரகடம் பக்கத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அங்கே நாற்பது பேர் அவருக்குப் பயப்படுவார்கள். வீட்டில் அவர் ஒரே ஒருவருக்குப் பயப்படுவார்.

அந்த ஒருவர் பாப்பம்மாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாகிறது. ஒரே மகளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. இனி என்ன, கடனை அடைத்துவிட்டு நிம்மதியாகக் காலை நீட்டலாம் என்று ரகுபதி நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் எதிரே உட்கார்ந்தால் செலவு என்று அர்த்தம்.

"ஏங்க, மாடி போட்ருவோம்."

"எதுக்கு? ரெண்டு பேருக்குக் கீயயே எடம் மிச்சம் கீது."

"நமக்கா போடச் சொல்றேன்? வாடகைக்கு. தெக்கத்திப் பசங்க ரூம் கெடைக்காம லோலோன்னு அலையிறானுங்க. ஒரு ரூம்ல எட்டுப் பேரு. டே ஷிப்ட்டுக்குப் போனவன் பாயில நைட் ஷிப்ட்டு முடிச்சவன் வந்து படுக்கிறான். பாய் சூடு ஆறவே மாட்டேங்குதாம்."

"அவன் பாய் சூடு ஆறாததுக்கு நான் இன்னா பண்றது? துட்டு?"

"வூட்டுக் கடன் குடுத்த அதே கம்பெனில மேல்கடன் தராங்களாம். பழசையும் புதுசையும் ஒண்ணா சேத்துக்கினா தவணை கம்மிதானாம். விசாரிச்சுட்டேன்."

"எப்ப முடியும்?"

"உங்களுக்கு அறுவத்தஞ்சு ஆவும்போது."

ரகுபதிக்குப் புரையேறியது. பாப்பம்மாள் எழுந்து வந்து தலையில் தட்டினாள். தட்டியது கொஞ்சம் பலமாகவே இருந்தது.

வேறு வழியில்லாமல் ரகுபதி பெரிய மனசு வேஷம் போட்டார். குரலைத் தழைத்துக்கொண்டார். "எனக்கொண்ணும் இல்ல பாப்பம்மா. அறுவத்தஞ்சு வரைக்கும் நான் இருப்பேன்னு இன்னா கேரண்டி? நடுவுல போய்ச் சேந்துட்டா மொத்தக் கடனும் உன் தலைல வந்து வுயும். உனக்காவத்தான் சொல்றேன்."

"எனக்காவத்தான்?"

"சத்தியமா உனக்காவத்தான்."

"அது ஒண்ணுதான் காரணம்?"

"அது ஒண்ணேதான்."

பாப்பம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பேச்சு முடிந்தது என்று ரகுபதி நினைத்தார். மறுநாள் காலை இட்லியோடு மாடி வந்தது. ராத்திரி ரசத்தோடு மாடி வந்தது. ஒரு வாரத்தில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கேன்டீனில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து அந்தோணிராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். திருநெல்வேலிக்காரன். அவருடைய லைனில் தையல் மிஷின் பார்ப்பவன்.

"என்ன அண்ணாச்சி, மொகம் வாடிக் கெடக்கு?"

ரகுபதி கொட்டித் தீர்த்தார்.

"பேசி ஜெயிக்கலாம்னு பாக்கியளா? அது நடக்காது அண்ணாச்சி. எங்க பக்கத்து வீட்டு மாமா ஒருத்தரு, அத்தை நகை கேட்டா ஒண்ணும் பேச மாட்டாரு. நேரா சோசியர்ட்ட கூட்டிட்டுப் போயிருவாரு. கெரகம் சரியில்ல, தங்கம் ஆகாதும்பாரு சோசியரு. அத்தையும் பேசாம வந்துரும்."

"சோசியர் எப்படிக் கரெக்டா அதைச் சொல்வாரு?"

"மாமாவும் சோசியரும் சாயங்காலம் ஒண்ணாத்தான சீட்டு வெளாடுதாவ."

ரகுபதி அன்றைக்குத்தான் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் வல்லக்கோட்டைக்குப் போனார். முருகன் கோயில் போகும் வழியில் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜோசியர் நடேசனைப் பிடித்தார்.

"என் சம்சாரத்தைக் கூட்டிக்கினு வருவேன். கடன் ஆகாதுன்னு சொல்லிடுங்க."

நடேசன் உதட்டைப் பிதுக்கினார். "அது இப்பல்லாம் எடுபடறதில்ல சார். கடன் ஆகாதுன்னா நெய் விளக்குப் போட்டுட்டு நேரா பேங்குக்குப் போறாங்க. வேற எதுனா கனமா சொல்லலாம்."

"கனமான்னா?"

"ஆயுசுல கை வைக்கலாம். துட்டுதான் கொஞ்சம் கூட ஆவும்."

ரகுபதிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்தது வந்தாயிற்று. தன் சாவுக்குத் தானே பேரம் பேசிய மனிதர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். நடேசன் ஐம்பத்தைந்து என்று ஆரம்பித்தார். அதெல்லாம் முடியாது, கடன் கட்டி முடிக்கிற வரைக்கும் ஆள் கல்லுக்குண்டாக இருக்க வேண்டும் என்றார் ரகுபதி. ஐம்பத்தொன்பதில் கண்டம் என்று முடிவாயிற்று. இருநூறு ரூபாய் கை மாறியது.

கிருத்திகையன்று பாப்பம்மாளை ஷேர் ஆட்டோவில் அழைத்துப் போனார். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "அட, இங்க ஒரு ஜோசியர் கீறாரே" என்று ஆச்சரியப்பட்டார். தற்செயலாக அவர் சட்டைப்பையில் ஜாதகமும் இருந்தது.

நடேசன் ஜாதகத்தைப் பிரித்தார். ரகுபதியைப் பார்த்தார். கண்ணை மூடினார். மறுபடி ரகுபதியைப் பார்த்தார்.

"ஐம்பத்தெட்டு வரைக்கும் ராஜா மாதிரி இருப்பாரும்மா. ஐம்பத்தொம்பதுல ஒரு கண்டம் கீது. பெரிய கண்டம். அதுக்கு மேல எதையும் இழுத்து வச்சுக்காதீங்க."

பாப்பம்மாளின் கண் சட்டென்று நிறைந்துவிட்டது. ரகுபதிக்கு இவ்வளவு வேண்டாமோ, ஒரு கால் முறிவோடு நிறுத்தியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

"இதுக்கு எதுனா பரிகாரம் கீதா சாமி?"

நடேசன் திடுக்கிட்டார். இந்த இடத்துக்கு இருவரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"பரிகாரம்... கீது. ஒரு மண்டலம், வெடியறதுக்கு முன்ன பச்சைத் தண்ணில குளிக்கணும்."

"தினமுமா?"

"தினமும். கறி மீனு தொடக் கூடாது."

"முட்டை?"

"கூடாது."

"காபி?"

"காபியும் ஆவாது."

"டியூட்டி முடிஞ்சு வர்ற வழியில பரோட்டா துண்றாருங்க."

"அதை மொதல்ல நிறுத்தணும்," என்றார் நடேசன். அவருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது.

"இதெல்லாம் செஞ்சா கண்டம் போயிடுமா?"

ரகுபதி அவசரமாக ஜோசியரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நடேசன் புரிந்துகொண்டார். "போவாதும்மா. கண்டம் கண்டம்தான். ஆனாலும் செய்யணும்."

பிறகு எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்க ரகுபதிக்கு நாக்கு வரை வந்தது. கேட்கத்தான் முடியவில்லை.

அது ஐப்பசி மாசம். படப்பையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிவதற்குள் பாப்பம்மாள் அவரை எழுப்பிப் பின்கட்டுக்கு இழுத்துப் போய், தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். எலும்பு வரை நடுங்கியது. கம்பெனியில் அவர் பல் கிட்டிக்கொண்டு லைனைத் திட்டியது ஒருவருக்கும் புரியவில்லை. மீன் குழம்பு வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் ஜன்னலருகே போய் நின்றுகொள்வார்.

ஆனால் ஒன்று. பாப்பம்மாள் மாடியைப் பற்றி மூச்சே விடவில்லை.

முதல் வாரம் அது சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது வாரம் சந்தேகமாக இருந்தது. மூன்றாவது வாரம் பயமாகிவிட்டது. பாப்பம்மாள் பேசினால் சமாளிக்கலாம். பேசாத பாப்பம்மாளை அவர் இருபத்து மூன்று வருஷத்தில் பார்த்ததில்லை. திடீர் திடீரென்று கேள்வி மட்டும் வரும்.

"ஏங்க, உங்களுக்கு சர்க்கரை, பிரஷர் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தால் மேஸ்திரி ஒருவன் வீட்டுக்கு வெளியே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். தண்ணித் தொட்டிக்கு என்றாள். தொட்டிக்கு எதற்குப் படிக்கட்டு என்று ரகுபதி கேட்கவில்லை. இன்னொரு நாள் மத்தியானம் தாம்பரம் போய்விட்டு வந்தாள். எதற்கு என்று கேட்டால், "வேலையா போனேன்" என்றாள்.

ராத்திரியெல்லாம் ரகுபதிக்குத் தூக்கம் போயிற்று. புரண்டு படுத்தால் இடது மார்பில் சுருக்கென்று ஒரு வலி. வாயுவாகத்தான் இருக்கும். கண்டம் பொய் என்று தெரிந்த ஆள் அவர். காசு கொடுத்துச் சொல்ல வைத்த ஆளே அவர்தான். அவருக்கே அடிக்கடி விரல் விட்டு ஐம்பத்தொன்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றியது. பரிகாரத்தை ஒருநாள்கூட விடாமல் செய்தார்.

மண்டலம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. ரகுபதி கோழிக் குழம்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். கோழி வரவில்லை. கையில் பையோடு ஓர் இளைஞர் வந்தார்.

"வணக்கம் சார். மணிகண்டபிரபு. ஹோம் லோன் கம்பெனிலேருந்து வரேன். மேடம் தாம்பரம் ஆபீஸுக்கு வந்து எல்லாம் பேசிட்டாங்க. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"எதுக்குக் கையெழுத்து?"

"மாடிக்குத்தான் சார். அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் போட்டிருக்கு."

ரகுபதி மனைவியைப் பார்த்தார். "பாப்பம்மா, ஜோசியர் சொன்னது மறந்துட்டியா? எனக்கு ஐம்பத்தொம்பதுல..."

"எப்படிங்க மறப்பேன்? அதுக்காவத்தான் இதுவே. நடுவுல நீங்க போயிட்டா கடன் என் தலைல வுயும்னு சொன்னீங்க இல்ல? போய்க் கேட்டேன். வுயாதாம். தம்பி, நீயே சொல்லு."

"ஆமா சார். கடனோட சேத்து இன்சூரன்ஸ் போட்டுடறோம். கடன் வாங்கினவருக்கு ஏதாவது ஆயிட்டா, மிச்சத்தை இன்சூரன்ஸ்ல கட்டிடுவாங்க. குடும்பத்துக்கு ஒரு பாரமும் இல்ல." மணிகண்டபிரபு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "ஜோசியத்தை எல்லாம் நாங்க கணக்குல எடுக்கறதில்ல சார். வயசு அம்பதுக்குள்ள இருக்கறதால மெடிக்கல் டெஸ்ட் கூடக் கிடையாது."

"பாருங்க," என்றாள் பாப்பம்மாள். "ஐம்பத்தொம்பதுலேருந்து அறுவத்தஞ்சு வரைக்கும் ஓசி. எவ்வளவு நீட்றாங்களோ அவ்வளவு நமக்கு லாபம்."

தான் இல்லாத உலகத்தில் தன் வீட்டு மாடியில் வாடகை வசூல் ஆவதை ரகுபதி ஒரு நிமிஷம் கண் முன்னால் பார்த்தார். அதைத் தாங்க முடியவில்லை.

"பாப்பம்மா, கண்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது பொய். நான்தான் அந்த ஆளுக்குத் துட்டு குடுத்துச் சொல்லச் சொன்னேன்."

மணிகண்டபிரபு அவசரமாக மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

"தெரியும்," என்றாள் பாப்பம்மாள்.

"தெரியுமா?"

"பலன் சொல்ற ஆளு கட்டத்தைப் பாத்துச் சொல்லணும். அவரு ஒவ்வொண்ணுக்கும் உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு. அன்னிக்கு எனக்கு அது ஒறைக்கல. ராத்திரி பூரா முந்தானைய வாயில வச்சு அடச்சிக்கினு அழுதேன். வெடியற நேரத்துலதான் யோசிச்சேன்."

"தெரிஞ்சுதான் அத்தினி நாளும் பச்சைத் தண்ணிய ஊத்தினியா?"

"அந்த ஒரு ராத்திரிக்குத்தான் ஊத்தினேன்."

ரகுபதிக்கு வெட்கமாக இருந்தது. அவள் அழுதிருப்பாள் என்பதை அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு, திட்டம் பலித்த நிம்மதியில் குறட்டை விட்டிருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் அவள். "நீங்க இல்லன்னா அவங்க கட்டுவாங்க. நீங்க இருந்தா நீங்க கட்டுவீங்க. என் தலைல எதுவும் வுயல. எனக்காவத்தானே வேணாம்னீங்க? வேற எதுனா காரணம் கீதா?"

ரகுபதி யோசித்தார். ஐம்பத்தெட்டு வயது, சால்வை, கடிகாரம், படப்பை பஸ் என்று ஒரு காரணம் இருந்தது. அதைச் சொன்னால் இத்தனை நாள் சொன்னது என்ன என்று கேட்பாள். அவருக்காக அவரே ஒரு வார்த்தை பேச முடியாதபடி அவரே எல்லாக் கதவையும் சாத்தியிருந்தார்.

"இல்ல," என்றார்.

மணிகண்டபிரபு பேனாவை நீட்டினார். ரகுபதி வாங்கி, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடக் குனிந்தார். பாப்பம்மாள் அவரை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, மணிகண்டபிரபு பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, எழுவது வரைக்கும் தர மாட்டீங்களா? இவருக்குத்தான் கண்டமே இல்லியாமே."