அண்ணாந்து குடித்த லிச்சி டின்

எனக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் வலங்கைமான் வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சொம்பு உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பது! நடவு வயலில் அத்தனை பேருக்கும் ஒரே சொம்புதான், வாய் வைத்தால் அடி விழும். ஓடுகிற டவுன் பஸ்ஸில், கடைசி சீட்டில் உட்கார்ந்து, சட்டையில் ஒரு சொட்டு விழாமல் குடித்திருக்கிறேன். (இதற்கெல்லாம் பட்டம் கொடுத்தால் நானும் பட்டதாரி.)

அந்தத் திறமைதான் சிங்கப்பூரில் என் மானத்தை வாங்கியது.

நான் வேலை பார்த்தது, மதுவைக் கலந்தே டின்னில் அடைத்து விற்கிற கம்பெனி. நம்மூரில் ஒருத்தன் சோடா வாங்கப் போய், ஒருத்தன் டம்ளர் கழுவி, அளவு சரியில்லை என்று நாலு பேர் சண்டை போட வேண்டும். அங்கே அந்தப் பஞ்சாயத்தே இல்லை. எலுமிச்சை, பீச், லிச்சி என்று எல்லாம் கலந்தே வரும், மூடியை இழுத்தால் ஆச்சு. நாடோ நம்ம தஞ்சாவூர் ஜில்லாவைவிடச் சின்னது. கடைக்கு ஒரு கண்ணாடி ஃப்ரிட்ஜ். அதில் ஒரு தட்டு இடத்துக்கு அத்தனை கம்பெனியும் வரப்புச் சண்டை போடும்.

நான் குடோனில் பெட்டி தூக்கினேன். தூக்கினேனே தவிர, ஒரு டின்னைக்கூட ருசித்ததில்லை. அப்போது கீழ்வேளூர் மாமாவின் மகள் கலைச்செல்வியை எனக்குக் கேட்டிருந்தோம். மாமா சொன்ன பதில் இது:

"இங்க நெல்லு மூட்ட தூக்கினான், அங்க போயி பெட்டி தூக்குறான். இதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்? தூக்குற வேலைய விடட்டும், பொண்ணத் தர்றேன்."

ஒரு நாள், நிறையக் கடைகள் வைத்திருக்கிற சீன அம்மா ஒருவர் எங்கள் புது லிச்சி டின்னைப் பார்க்க வந்தார். குடித்துக் காட்டி விளக்குகிற சேல்ஸ் ஆளுக்குக் காய்ச்சல். சூப்பர்வைசர் பன்னீர் அண்ணன், கூத்தாநல்லூர்க்காரர், தன் வெள்ளைச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார்.

"டேய் செல்வம், இன்னைக்கு ஒழுங்கா செஞ்சின்னா, கடைக்குப் போயி டின் அடுக்குற வேலைக்கு உன்னையப் போடச் சொல்றேன். குடிக்கணும், சிரிக்கணும், தேங்க்யூ சொல்லணும். அவ்ளோதான்."

"குடிக்கிறதுதானண்ணே? அதுல நம்மள அடிச்சுக்க ஆளு இருக்கா!"

முதலில் லிச்சிப் பெட்டி, அந்த அம்மா உட்கார்ந்திருந்த மாடி அறைக்குப் போக வேண்டும். தோளில் போட்டு, மாடிப்படியில் ஓடி, நெல் மூட்டையை லாரியில் போடுகிற மாதிரி தொப்பென்று மேஜையில் போட்டேன். (சுறுசுறுப்பைக் காட்டுகிறேனாம்.)

பெரிய மனுஷி எதிரில் இருக்கிறார். வாய் வைத்துக் குடித்தால் நம் வளர்ப்பைப் பற்றி என்ன நினைப்பார்? அண்ணாந்தேன். டின்னை நெற்றிக்கு ஒரு முழம் மேலே பிடித்து மூடியை இழுத்தேன்.

குலுங்கியிருந்த கேஸ் சரக்கு, பம்புசெட்டில் முதல் தண்ணீர் பீறிடுமே, அப்படி வந்தது. பாதி என் மூக்குக்குள், மீதி அந்த அம்மாவின் கண்ணாடியில். நான் போட்ட தும்மலில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் முதலாளிக்கும் பங்கு கிடைத்தது.

எனக்கு அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. மூக்கில் லிச்சி ஒழுகச் சிரித்தேன்.

"தேங்க்யூ."

அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

"ஏன் தூக்கிப் பிடிச்சேன்னு கேக்குறாங்கடா, பாவி!" என்றார் பன்னீர் அண்ணன்.

"எச்சில் பட்டா அடுத்த ஆளு எப்படிண்ணே குடிப்பாங்க?"

அண்ணன் அதை இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இன்னொரு டின்னை மெதுவாகத் தானே திறந்து என்னிடம் நீட்டினார். முதலாளி ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தார். இந்த முறை நூல் பிடித்த மாதிரி இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை! கை தட்டினார்கள். தரை லேசாக ஆடியது. (பழக்கமில்லாத உடம்பு.)

அந்த அம்மா சரக்கு எடுத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: டின் அடுக்க இந்த ஆள்தான் வர வேண்டும்.

பன்னீர் அண்ணன் சும்மா இருப்பாரா? ஈரச் சட்டையோடு நான் நிற்கிற அந்த வீடியோவை முதலாளியிடம் வாங்கி ஊர் குரூப்பில் போட்டுவிட்டார். மாமா கூப்பிட்டார். கல்யாணம் போச்சு என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"டேய், அது என்னடா டின்னு?"

"லிச்சிப் பழம், மாமா."

"பழம் மட்டுந்தானா?"

"கொஞ்சம் மத்ததும் இருக்கும், மாமா. வேலைக்காகக் குடிச்சதுதான், இனிமே தொடமாட்டேன். பெட்டியும் இனிமே தூக்க வேணாம். தள்ளுவண்டியில வச்சுத் தள்ளுறதுதான்."

"தூக்கல, தள்ளுற?"

"தள்ளுறதுதான், மாமா."

மாமாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அந்தச் சட்டைய நான் தொவைக்கமாட்டேன்னு சொல்லுங்கப்பா!"

மாமா தொண்டையைக் கனைத்தார்.

"கேட்டுச்சா, மாப்ள?"

டேய் போய் மாப்ள வந்துவிட்டது!

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷத்தில் என் கைக்குக் கலர் பாட்டில் வந்தால் பிள்ளைகள் பந்தக்காலுக்குப் பின்னால் ஓடிவிடும். கலைச்செல்வி முதலில் துண்டைக் கொடுத்துவிட்டுத்தான் பாட்டிலைக் கொடுப்பாள். சொன்ன சொல் மாறாதவள். இன்றைக்கும் என் சட்டையை நான்தான் துவைக்கிறேன். அதிலும் வலங்கைமான் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.