பத்தே முக்காலுக்கு ஊதிய பன்னிரண்டு மணிச் சங்கு

அவசரமான வேலை எதையும் என்னை நம்பி ஒப்படைக்கக் கூடாது. அவசரம் இன்னும் கூடிவிடும். என் வீட்டில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள் (கேட்காவிட்டாலும் சொல்வார்கள்).

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கம் ஒரு பஞ்சாயத்து ஆபீசில் புது கிளார்க்காக இருந்தேன். மாடியில் மின்சாரச் சங்கு இருந்தது. காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று மூன்று வேளை ஊதும். கைக்கடிகாரம் கட்டாத ஊருக்கு அதுதான் கடிகாரம். ஊதுகிற ஆள் அன்றைக்கு லீவு.

தீபாவளி சீசன். ஐப்பசி மூடாப்பில் சூரியனையே காணோம். பத்தே முக்கால் மணிக்கு, கடைத்தெருவில் நிற்கும் பட்டாசு லோடு லாரியில் புகை வருகிறது என்று தகவல் வந்தது. நிர்வாக அதிகாரி என்னைப் பார்த்தார்.

"ஓடுலே, சங்க ஊது. ஒரு சனம் தெருவுக்கு வரப்படாது."

ஊரையே காப்பாற்றப் போகிற மிதப்பில் மாடிக்கு ஓடி, சுவிட்சைப் போட்டு, ஒரே இழுவையாக நீட்டி ஊதினேன். பிறகு தெரு காலியாகிற அழகைப் பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தேன்.

தெரு நிறைந்துகொண்டிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தார்கள். ஓட்டலில் இலை போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஐம்பது பிள்ளைகள் நேராக அந்த லாரிப் பக்கம் ஓடிவந்தார்கள். திரும்பிப் போகச் சொல்லி மாடியிலிருந்து கையை ஆட்டினேன். பிள்ளைகளும் சந்தோஷமாக எனக்குக் கையை ஆட்டினார்கள்.

நல்லவேளை, பின்னால் வந்த டீச்சர் புகையைப் பார்த்துவிட்டார். முன்னால் ஓடி, குடையை நீட்டி மறித்து, அத்தனை பேரையும் சர்ச்சுப் பக்கம் விரட்டிக்கொண்டு போனார். பெண்களையும் கத்தித் திருப்பியது அவர்தான். புகைந்தது லோடுக்கு மேல் கிடந்த சாக்கு மட்டும். மணலைக் கொட்டி அணைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

டீச்சர் அதே குடையோடு ஆபீசுக்கு வந்தார். அதிகாரி என்னைக் கை காட்டினார் (புண்ணியவான்). சங்கு கேட்டால் சனம் பயந்து ஓடும் என்று நினைத்ததாக முனகினேன்.

"சங்கு கேட்டா இந்த ஊர்ல யாருக்கும் பயம் வராதுங்க, பசிதான் வரும். ஆபத்துன்னா வாயத் தொறந்து ஆபத்துன்னு சொல்லணும்."

அதன் பிறகு ஆபத்துக்கென்று தனியாகத் தமுக்கு வந்தது. எனக்கு மெமோ வந்தது. இரண்டு வருடம் கழித்து, பிள்ளைகளை விரட்டிய அதே சர்ச்சில், அந்த டீச்சரே எனக்கு மனைவியாக வந்தார். அவர் எப்படிச் சம்மதித்தார் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கதையைப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார். அதனால் நான் கோபத்தில் எம்புட்டுச் சத்தம் போட்டாலும் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.