நாலு மணிப் படகு

நாலு நிமிஷத்தைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு, கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சும் கையில் எழுதும் அட்டையுமாகச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, வீட்டுக்காரர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

"டீ போட ஏழு நிமிஷம். நேத்தே போட்டுப் பாத்து எழுதி வெச்சிருக்கேன். உனக்குப் பதினொண்ணு ஆயிருக்கு. மிச்சம் நாலு எங்க போச்சு?"

"எங்கயும் போகலைங்க. இங்கதான் நின்னேன்," என்றாள் மனைவி.

"நின்னு என்ன பண்ணினே?"

"டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தேன்."

"எதை?"

"சும்மா."

அவர் அட்டையில் எழுதினார்: 'சும்மா. நாலு நிமிஷம். நீக்கலாம்.'

சோப்புத் தொழிற்சாலையில் அவருக்கு உத்தியோகமே இதுதான். ஒரு பெண் சோப்பை எடுத்து, காகிதம் சுற்றி, பெட்டியில் வைக்க எத்தனை விநாடி ஆகிறது என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அளப்பார். அதில் அவள் மூக்கைச் சொறிந்த விநாடி எது, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரித்த விநாடி எது என்று கண்டுபிடித்து வெட்டுவார். தொழிற்சாலையில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். முகத்துக்கு நேரே என்றால் 'நிமிஷம் சார்'. கேலி என்று தெரியாமல் அதை ஒரு விருது மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார் மனிதர்.

மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை இருந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு உண்டு. அதன் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று காலையிலிருந்து மாலைவரை அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். கிடங்கில் சரக்கு கிடையாது. நடக்க ஆளும் கிடையாது. இவரே நடந்து, இவரே அளந்து, இவரே எழுதிக் கொடுப்பார். அறிக்கையைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குறை இருந்தால்தானே கேட்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"ஓய்வுங்கிறதே என் ஜாதகத்துல இல்லை," என்று மூன்று வருடமாகப் பெருமூச்சு விட்டார். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்கட்டும், வாழ்க்கையை எப்படி அனுபவிக்கிறதுன்னு இந்த வீட்டுக்குக் காட்டறேன்."

போன மாதம் புது மேனேஜர் வந்தார். இந்தக் கிடங்கு வேலை எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. நிறுத்திவிட்டார்.

நிமிஷம் வீட்டுக்கு வந்து, "இனிமே ஞாயித்துக்கிழமை நான் வீட்லதான்!" என்று அறிவித்தபோது, கல்லூரியில் படிக்கும் மகள் வாயில் கவ்வியிருந்த ஹேர்பின் கீழே விழுந்தது. கூடவே தங்கி வேலைக்குப் போகும் மச்சினன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"ஏங்க? ஆபீஸ்ல ஏதாவது தப்பு பண்ணிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"தப்பா? இனிமே அனுபவிக்கப் போறோம்! ஞாயித்துக்கிழமைன்னா ஏரி. நாலு மணிக்குப் படகு!"

ஏரி அந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனாலும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயும் படகைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. வீட்டுவேலை முடிந்தால்தான் புறப்படலாம் என்பது அவர் போட்ட சட்டம். அவர் மேற்பார்வையில் வேலை முடிவதற்குள் படகுத்துறையை மூடிவிட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் தபால் ஆபீஸ் கவுன்டரில் முத்திரை குத்துகிற மனைவிக்கு ஏழாவது நாள் கவுன்டரே தேவலை என்று ஆகிவிட்டது.

"நான் இல்லாதப்போ நீங்கல்லாம் எப்படித்தான் சமாளிச்சீங்களோ!" என்று பரிதாபப்பட்டார் நிமிஷம்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்று நாலாவது ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்பே எழுந்து சமையலறை அலமாரியைத் திருத்தி அமைத்திருந்தார். விதவிதமான டப்பாக்களில் இருந்ததையெல்லாம் கொட்டி, ஒரே மாதிரி இருபது டப்பாக்களில் அடைத்து, அடிக்கடி எடுப்பது முன்னால், எப்போதாவது எடுப்பது பின்னால் என்று எண் போட்டு வைத்திருந்தார். எந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்ற பட்டியல் அவர் சட்டைப் பையில் இருந்தது.

மச்சினன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நின்றான்.

"மாமா, மூணாம் நம்பர் என்ன?"

பட்டியலை எடுத்துப் பார்த்தார். "உப்பு."

"அக்கா அதைத்தான் போட்டிருக்கா."

"பட்டியலைக் கேட்டுட்டுப் போட்டிருக்கணும். இப்ப மறுபடி டீ போடணும், இன்னொரு ஏழு நிமிஷம் நஷ்டம். சரி, அதைத் துணியில பிடிச்சுக்கலாம்."

துணியில் பிடிக்க அவரிடம் ஒரு யோசனை இருந்தது. ஒவ்வொருத்தர் துணியாகப் பிரித்துப் பிரித்துத் துவைப்பதில் பாதிக் காலை போகிறது. எல்லோரும் வரிசையாகக் குளித்து, எல்லாத் துணியையும் ஒன்றாக மெஷினில் போட்டால் ஒரே சுற்றில் முடிந்துவிடும். ஆளுக்கு நாலு நிமிஷம் என்று குளியலறை வாசலில் நின்று கதவைத் தட்டித் தட்டி மூன்று பேரையும் குளிக்க வைத்தார். மச்சினன் காதில் சோப்பு நுரையோடு வெளியே வந்தான்.

மெஷின் நின்றது. மகளின் வெள்ளைக் கோட்டை வெளியே எடுத்தபோது அது ரோஜா நிறத்தில் இருந்தது. கூடவே அவருடைய சிவப்புத் துண்டு சிரித்துக்கொண்டு வந்தது.

"அப்பா! நாளைக்கு லேப் இருக்கு! இதைப் போட்டுக்கிட்டு எப்படிப் போவேன்?" மகள் அழாத குறை.

"பதட்டப்படாதே. பதட்டத்துலதான் நேரம் வீணாகும். மறுபடி ரெண்டு தடவை அலசினா போயிடும்."

குழாயைத் திறந்தார். புஸ் என்று காற்று வந்தது. மூன்று பேரை அடுத்தடுத்துக் குளிப்பாட்டி, மெஷினையும் ஓட்டியதில் மேல்தொட்டி காலி. மோட்டாரைப் போட்டார். மோட்டாரைப் போடுவது யார் என்று அவருடைய அட்டவணையில் இருந்தது. நிறுத்துவது யார் என்று இல்லை. தொட்டி நிரம்ப நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று மூவரையும் உட்கார வைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான அட்டவணையை வாசிக்க ஆரம்பித்தார்.

வாசிப்பில் தன்னை மறந்தார். தொட்டி நிரம்பி, வழிந்து, சுவரோடு இறங்கி, கீழ் வீட்டுப் பால்கனியில் மழையாய்ப் பெய்தது.

கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பால்கனியில் சாய்வு நாற்காலி போட்டுத் தூங்குவது அவர் வழக்கம். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நனைந்த தலையணையை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏன்யா, மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் நிம்மதியா தூங்கிட்டிருந்தேன்யா!"

"பகல்ல தூங்கறது உடம்புக்கு நல்லதில்லை சார். அந்த நேரத்தை நீங்க..."

மாஸ்டர் அவரை முடிக்க விடவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?"

"பண்ணணும் சார்," என்றாள் மனைவி. தலையணையை அவர் கையிலிருந்து வாங்கிப் பிழிந்து கொடுத்தாள்.

பால்கனியைத் துடைத்து, கோட்டை அலசி (ரோஜா நிறம் கொஞ்சம்கூடப் போகவில்லை), டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்துச் சமைத்துச் சாப்பிட்டு முடித்தபோது மணி மூன்று ஐம்பது.

"பாத்தியா! இன்னும் பத்து நிமிஷம் இருக்கு! திட்டம்னா இது!" என்று குதித்தார் நிமிஷம். மூன்று பேரும் சோர்ந்துபோய்ச் செருப்பைத் தேடினார்கள். அவர் அவர்களைக் கிட்டத்தட்ட ஓட்டிக்கொண்டு போனார்.

ஏரிக்கரையில் படகுக்காரர் ஒரு கல்லில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர எழுந்தார்.

"வாங்கக்கா! வா பாப்பா! என்ன, ஒரு மாசமா ஆளையே காணோம்?"

மகள் சட்டென்று வானத்தைப் பார்த்தாள். மச்சினனுக்குப் புரையேறியது.

"ஆள் தெரியாம பேசறாரு," என்றார் நிமிஷம்.

"இருக்கும்," என்றாள் மனைவி.

"இவரு யாருக்கா?" என்று கேட்டார் படகுக்காரர்.

"அளக்கறவர்," என்றாள் மகள்.

படகு கிளம்பியது. அரை மணி நேரச் சவாரி. நிமிஷம் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். தண்ணீர் அமைதியாக இருந்தது. தூரத்தில் ஒரு பறவை மூழ்கி எழுந்தது. மனைவி கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தாள். காலையிலிருந்து முதல் முறையாக அவள் முகம் இளகியது.

"ஒரு துடுப்புக்கும் அடுத்த துடுப்புக்கும் நடுவுல மூணு விநாடி சும்மா விடறீங்களே, ஏன்?" என்று கேட்டார் நிமிஷம்.

"அப்பத்தான் சார் படகு தானாப் போகும்," என்றார் படகுக்காரர்.

"அந்த மூணு விநாடியை வெட்டினா அரை மணியில ரெண்டு தடவை ஏரியைச் சுத்தலாமே! இப்படிக் குடுங்க, காட்டறேன்."

கொடுக்கும்வரை விடவில்லை. ஒரு துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு வேகவேகமாகப் போட ஆரம்பித்தார். ஒரு பக்கம் மட்டும் போட்டால் படகு என்ன செய்யும்? நின்ற இடத்திலேயே சுற்றியது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மச்சினன் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மத்தியானச் சாப்பாடு வெளியே வந்தது.

"அனுபவிங்க! எல்லாரும் அனுபவிங்க! இன்னும் பதினோரு நிமிஷம்தான் இருக்கு!" என்று சுற்றியபடியே கத்தினார் நிமிஷம்.

கரையேறியதும் அட்டையை எடுத்து எழுதினார்: 'அனுபவித்தது. முப்பது நிமிஷம்.' கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வாரம் இதை இருபதுக்குக் கொண்டு வந்துடலாம்."

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் காலையில நான் அரை நாள் லீவு போடறேன்," என்றாள்.

"நீயா? லீவா? எதுக்கு?"

"சும்மா."

பரவாயில்லை, வழிக்கு வருகிறாள், ஓய்வின் அருமை நம்மால் இவளுக்குப் புரிந்திருக்கிறது என்று உள்ளம் குளிர்ந்தார் அவர்.

மறுநாள் மத்தியானம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நிமிஷத்தின் முகத்தைப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கிடங்கு வேலை... வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து நீங்களே மறுபடி பாத்துக்கணும். காலையில ஏழு மணியிலேருந்து."

"சாயங்காலம் அஞ்சு வரைக்கும்தானே சார்?"

"ஏழு வரைக்கும்."

நிமிஷத்துக்கு வருத்தம்தான். இப்போதுதான் குடும்பத்துக்கு வாழச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். நட்டாற்றில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த வருத்தத்துக்கு மேலே பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லையே கம்பெனி!

சாயங்காலம் வெளியே வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட் வாட்ச்மேனிடம் நின்றார். வழக்கமாக வாட்ச்மேனிடம் நின்று பேசுவதை வீண் நேரம் என்று நினைப்பவர், இன்றைக்கு மட்டும் தாராளமாக நின்றார்.

"தெரியுமாய்யா? ஞாயித்துக்கிழமை வேலை மறுபடியும் எனக்கே வந்துடுச்சு. நான் இல்லாம அந்தக் கிடங்கு ஓடாதுன்னு புது மேனேஜருக்கும் புரிஞ்சுபோச்சு."

வாட்ச்மேன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"அவருக்கு எங்க சார் புரிஞ்சுது? மூணு வருஷத்துக்கு முன்னாடி பழைய மேனேஜர்கிட்ட குடுத்த அதே மனுவை உங்க வீட்டம்மா இன்னிக்குக் காலையில மறுபடி கொண்டாந்து குடுத்தாங்க. போன தடவை அவங்க கையெழுத்து மட்டும்தான் இருந்துச்சு, இந்தத் தடவை உங்க பொண்ணு, மச்சினன், கீழ் வீட்டு மாஸ்டர், படகுக்காரர்னு எல்லாரும் போட்டிருக்காங்க."